மூன்றாம் கட்டை வளைவு

மில் கணக்கு ஒரு நாள் முன்னதாகவே நேராகிவிட்டது.
ஒரு சென்கூடக் குறையவில்லை.
குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும்.
சிரம்பானுக்குப் பேருந்து ஐந்தரைக்கு.
பகாவில் அப்போது மணி ஒன்பதே முக்கால்.

பசியாறிய கடையில் கேட்டேன்,
இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று.
ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் ஒரு சுற்று வீசி முடித்து
"செம்பனை" என்றார்.
பிறகு, பாவம் என்று தோன்றியதோ என்னவோ,
மாவு ஒட்டிய விரலால் எதிர்வரிசையைக் காட்டினார்:
டயர் கடைக்கு மேல்மாடி.
படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். காசு இல்லை.

படியேறும்போது ரப்பர் வாசனையும் கூட வந்தது,
பாதியில் நின்றுகொண்டது.
முன்பு அது பல் மருத்துவர் ஓங்கின் கிளினிக்காம்.
அவர் போனபின் எல்லாம் போயிற்று, நாற்காலி தவிர.
நான்கு பேர் தூக்கிப் பார்த்தார்கள்,
படித்திருப்பத்தில் திரும்ப மறுத்துவிட்டது.
அறை நடுவில் அது இருக்க
சுற்றிலும் படங்கள்.

"படுத்துப் பாருங்கள், எல்லாரும் அப்படித்தான்"
என்றாள் ஹஃபிஸா, மலாயில்,
கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
மிதியை அழுத்தினேன்.
நாற்காலி பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது.
என் வாய் தானாகத் திறந்தது.

ஈயக்குட்டையில் கழுத்தளவு எருமை.
கொடியில் காயும் ஒற்றைப் பள்ளிச் சட்டை.
பால்மரத்துக் கோப்பைக்குள் மழை,
வெள்ளையின்மேல் தெளிந்த தண்ணீர்.
ஒரு நாள் கூலி நீர்த்துப்போவதை
இவ்வளவு அழகாக வரையலாமா என்று
ஒரு மணி நேரம் யோசித்தேன்.
யோசிக்க ஒரு மணி நேரம் இருந்தது.

கீழே போல்ட் கழற்றும் மெஷின் அலறும்போதெல்லாம்
கடைவாய்ப் பல் கூசியது.
இருந்தும் தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஒருவர் நின்றிருந்தார்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
மில் வாசலில் எடை போட லோரி நிற்கிறது, பதினேழாவது ஆள்,
பெயர் புஷ்பநாதன்.
நாற்காலி பறிபோன ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது.
எழப் போனேன்.
"இருங்க, இருங்க, நான் நின்னே பார்த்துக்குவேன்."

மற்ற எதையும் பார்க்காமல் நேரே போய்
ஒரு படத்தின் முன் நின்றார்.
குலை ஏற்றிய லோரி வளைவில் திரும்புகிறது,
சாயங்காலம்,
தூசி முழுக்கப் பொன்.
காலையிலிருந்து எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

"மூணாங்கட்டை வளைவு.
லோரி சரி. சாய்வு சரி.
டிரைவர் கை வெளிய தொங்குது, அதுவும் சரி.
ரோட்டப் பாருங்க."

பார்த்தேன். ரோடு.

"கழுவிவிட்டாப்ல இருக்கு.
அந்த வளைவுல ரெண்டு குலையாவது விழாம
இருபது வருஷத்துல நான் ஒருநாளும் திரும்புனதில்ல."

வருகையாளர் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
எடைக்கு ஓடினார்.
கருத்து என்ற கட்டத்தில் அவர் எழுத்து
புதன்தோறும், பின்னோக்கி ஏழு பக்கம்,
காகிதத்தின் மறுபுறம் தடிக்கும் அழுத்தத்தில்:
குலை எங்கே?
இடையில் யாரோ சீனத்தில் நான்கு எழுத்து.
ஒரு பிள்ளை பல் ஒன்று வரைந்திருந்தது, வேரோடு.

வரைந்தவர் குவாந்தானில் இருக்கிறார்,
சொல்லி அனுப்பியாகிவிட்டது, பதில் இல்லை
என்றாள் ஹஃபிஸா.
மூன்று மணிக்கு மழை பிடித்தது.
விளக்கைப் போடவா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
எருமை முதலில் இருட்டில் இறங்கியது,
சட்டை கடைசிவரை தெரிந்தது.

பேருந்து ஆறு மணிக்குத்தான் கிளம்பியது.
மூன்றாம் கட்டையில் எழுந்து நின்றே பார்த்தேன்.
கால்வாயோரப் புல்லில் ஒன்று,
வயிறு வெடித்து, உள்ளே ஆரஞ்சு.
இன்னொன்றைக் காணோம்.

கணக்குக்காரி இல்லையா,
கழுத்தைத் திருப்பித் தேடிக்கொண்டே இருந்தேன்
வளைவு முடிந்து, நேர்ச்சாலை வந்து,
பக்கத்து இருக்கைப் பையன்
"என்னக்கா, ஏதாச்சும் விழுந்திருச்சா?" என்று
கேட்கும்வரை.